ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடுபொறிகளை ஒப்பிடச் சொல்வது எப்படி?

வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறீர்கள். லேபில் ஓடுகிற கணினிகள் பத்து, பிள்ளைகள் நாற்பது பேர். மூன்று தேடுபொறிகளை ஒப்பிட்டு எது சிறந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறீர்கள். அதை எப்படி நடத்துவது, எதற்கு மார்க் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கருவி நல்லது என்பது ஒன்று. திரையில் வந்து நிற்கிற பத்து லிங்க்குகளைப் பார்த்து, இதை நம்பலாம், இது வேண்டாம், இது விளம்பரம் என்று ஒரு பிள்ளையால் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பது இன்னொன்று. கடைசி வரியில், 'முதலில் வருவதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்' என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அதனால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதினாறு வருடமாகக் கணினி அறிவியல் எடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் உங்கள் திட்டப்படிதான் நடத்தினேன். கரும்பலகையில் கட்டம் போட்டு, வேகம், தோற்றம், விளம்பரம், பயன் என்று தலைப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்பேன். ஒவ்வொரு வருடமும் கூகுள்தான் ஜெயிக்கும். காரணம் கேட்டால், 'அதுதான் சார் வேகமா வருது' என்பார்கள். யாரும் நேரம் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கிற போனைத் திறந்தவுடன் வருவது அது, அவ்வளவுதான். அந்த இடம் சும்மா கிடைத்த இடமும் இல்லை. போனிலும் பிரவுசரிலும் தானே முதலில் நிற்கிற தேடுபொறியாக இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம், தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பளித்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 'சிறந்தது' என்று தாங்கள் சொன்னதில் பழக்கம் எவ்வளவு, தரம் எவ்வளவு என்று அவர்களே யோசிக்க ஆரம்பிப்பார்கள். கூகுள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டம் தரத்தை அளக்கவில்லை, பழக்கத்தை அளந்தது.

இனி, எந்த மூன்றை எடுப்பது? இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ஒரு தேடுபொறி மூன்று வேலை செய்கிறது: இணையப் பக்கங்களைத் தேடிப் படித்து வருவது, படித்ததை அட்டவணையாகச் சேர்த்து வைப்பது, கேள்வி வந்ததும் அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துவது. எல்லாத் தேடுபொறிகளும் மூன்றையும் சொந்தமாகச் செய்வதில்லை. கூகுளுக்கும் பிங்குக்கும் சொந்த அட்டவணை உண்டு. பிரேவ், இங்கிலாந்தின் மோஜீக் இரண்டுக்கும் சொந்தமாக உண்டு. யாகூ பல வருடங்களாகப் பிங்கிடம் வாங்கித்தான் காட்டுகிறது. டக்டக்கோவில் வருகிற சாதாரண லிங்க்குகளும் பெரும்பாலும் பிங்கிலிருந்து வந்தவை. ஸ்டார்ட்பேஜ் முக்கியமாகக் கூகுளிடம் வாங்குகிறது. ஆக பிங், யாகூ, டக்டக்கோ மூன்றையும் எடுத்து ஒப்பிடச் சொன்னால், ஒரே கிணற்றுத் தண்ணீரை மூன்று குடத்தில் ஊற்றிக் கொடுத்து எது ருசி என்று கேட்பது போல ஆகிவிடும். கூகுள், பிங், பிரேவ் என்று எடுங்கள், கிணறு மூன்றும் வேறு. டக்டக்கோவை நான்காவதாக வேண்டுமென்றே சேர்க்கலாம். 'இது ஏன் பிங் மாதிரியே இருக்கு?' என்று ஒரு பிள்ளை கேட்கும் வரை காத்திருந்து அப்புறம் இந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்தது வரிசை. முதலில் இருப்பதுதான் சரி என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மட்டும் இருப்பதல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தேடல் முடிவுகளின் வரிசையை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றிக் காட்டி, கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். 2007இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பொருத்தம் குறைந்த லிங்க் மேலே இருந்தபோதும் மாணவர்கள் மேலே இருந்ததையே அதிகம் சொடுக்கினார்கள். ஆகவே லோகோவும் வரிசை எண்ணும் கண்ணில் படும் வரை பிள்ளைகள் சொல்வது அவர்கள் சொந்த மதிப்பீடாக இருக்காது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

நான் செய்கிற வழி கொஞ்சம் கைவேலை. ஒரே கேள்வியை மூன்று தேடுபொறியிலும் முந்தின நாள் நானே தேடி, ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து முடிவுகளின் தலைப்பு, முகவரி, கீழே வரும் இரண்டு வரி ஆகியவற்றை மட்டும் ஒரே எழுத்துருவில் தட்டி ஜெராக்ஸ் எடுப்பேன். கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கம் பென்சிலால் அ, ஆ, இ என்று சிறியதாகக் குறித்து, கலைத்து உறையில் போட்டுவிடுவேன். நான்கு பேருக்கு ஓர் உறை, உள்ளே பதினைந்து துண்டு. அதில் ஒரே பக்கம் இரண்டு மூன்று முறை வரும், அதை எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஒவ்வொரு துண்டுக்கும் 2, 1, 0 என்று மார்க் போட வேண்டும்: கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் கிடைக்கும் போல இருந்தால் 2, பாதி பயன் என்றால் 1, சம்பந்தமில்லை அல்லது நம்ப முடியாது என்றால் 0. பக்கத்தில் ஒரு வரி காரணம். எல்லாம் முடிந்த பிறகுதான் துண்டைத் திருப்பி அ எவ்வளவு, ஆ எவ்வளவு என்று கூட்ட வேண்டும். கணினி பத்துதான் இருக்கிறது என்ற உங்கள் கவலை இதில் தீர்ந்துவிடுகிறது. இணையம் படுத்துக்கொண்டாலும் வகுப்பு நடக்கும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் முக்கால்வாசி வெற்றி. 'இந்தியாவின் தலைநகரம்' என்று தேடினால் எல்லாத் தேடுபொறியும் சமம். தேடினால் தவறான பதில் நிறையக் கிடைக்கிற, ஆனால் சரியான பதிலை நாமே சோதித்துப் பார்க்க முடிகிற கேள்வி வேண்டும். நான் பல வருடமாகப் பயன்படுத்துவது தஞ்சைப் பெரிய கோவில் நிழல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எல்லாரும் கேட்டிருக்கிறோம், பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். பாதிக் குழுவுக்கு 'பெரிய கோவில் நிழல் ஏன் தரையில் விழாது' என்ற தேடலின் துண்டுகள், மீதிக் குழுவுக்கு 'பெரிய கோவில் விமான நிழல் தரையில் விழுமா' என்ற தேடலின் துண்டுகள். முதல் உறையில் பெரும்பாலும் அதிசயத்தை விளக்குகிற பக்கங்களாக இருக்கும், ஏனென்றால் 'ஏன் விழாது' என்று கேட்கும்போதே விழாது என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். இரண்டாவதில் மறுக்கிற பக்கங்களும் கலந்து வரும். இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பச் சொல்லுங்கள். என் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: தேடுபொறியை மாற்றியதால் வந்த வித்தியாசத்தைவிடக் கேள்வியின் சொல்லை மாற்றியதால் வந்த வித்தியாசம் பெரிது. இது என் லேபில் கண்டது, எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் இந்தப் பாடத்தை நடத்துவதே இந்த ஒரு கணத்துக்காகத்தான்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி எழுந்து, 'சார், மூணு தேடுபொறியிலயும் விழாதுன்னுதான் இருக்கு. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா உண்மைதானே?' என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, அந்த மூன்று பக்கங்களையும் திறந்து அச்சடித்துக் கொடுத்தேன். நான்கு தலைகள் குனிந்து படித்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்த பையன் விரலை வைத்துக் காட்டினான்: மூன்று பக்கத்திலும் 'விமானம்' என்பது 'விமாணம்' என்று இருந்தது, மூன்றிலும் அதே இரண்டாம் பத்தியில். ஒருவர் எழுதியதை மற்ற இருவர் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அல்லது மூவருமே வேறெங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள். மூன்று சாட்சி என்று நினைத்தது ஒரே சாட்சி. அன்றைக்கு வகுப்பே எழுத்துப்பிழை வேட்டையில் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு பையன், தஞ்சாவூரில் இருக்கிற சித்தப்பாவிடம் சொல்லி, காலை ஏழு மணிக்கு விமானத்துக்குப் பின்னால் மேற்குப் பக்கம் எடுத்த படத்தைக் கொண்டுவந்தான். கல் பாவிய தரையில் நிழல் நீளமாகக் கிடந்தது. சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாட்களில், தஞ்சாவூருக்கு அது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் வரும், நண்பகலில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஊரில் உள்ள தென்னை மரத்துக்கும் அன்றைக்கு அப்படித்தான். 1010இல் கட்டி முடித்த அந்தக் கோவிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், சிலருக்கு மனது கஷ்டப்படும்.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். தேடலை மதிப்பிடுகிறவர்கள் பயன்படுத்துகிற பழைய அளவுகள் இரண்டு. வந்த பத்தில் எத்தனை பயனுள்ளவை என்பது ஒன்று. இருக்கிற பயனுள்ளவற்றில் எத்தனை வந்தன என்பது இன்னொன்று. முதலாவதை ஒன்பதாம் வகுப்பில் தாராளமாக அளக்கலாம், நம் 2, 1, 0 அதன் எளிய வடிவம்தான். இரண்டாவதை இணையத்தில் அளக்க முடியாது, மொத்தம் எத்தனை இருக்கின்றன என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 'தேடினேன், இல்லை' என்பதற்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அப்போதுதான் புரியும். ஒரே துண்டுக்கு ஒரு பிள்ளை 2 போட்டு இன்னொரு பிள்ளை 0 போட்டால் பயப்படாதீர்கள், தீர்ப்பு சொல்ல அவசரப்படவும் வேண்டாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 1992 முதல் நடத்திவரும் டிரெக் என்ற தேடல் மதிப்பீட்டிலும், பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் எது பொருத்தமான ஆவணம் என்பதில் நிறையவே வேறுபட்டார்கள். அப்படி இருந்தும் எந்தத் தேடல் முறை மேல், எது கீழ் என்ற மொத்த வரிசை பெரிதாக மாறவில்லை. எனவே வித்தியாசம் வருவது தப்பில்லை. நான் பத்துக்கு மார்க் போடும்போது, 'எது ஜெயித்தது' என்ற விடைக்கு மார்க்கே கிடையாது. காரணம் எழுதிய வரிகளுக்கு ஆறு, கேள்வியைத் தானே மாற்றி எழுதிப் பார்த்ததற்கு இரண்டு, மார்க்கை மாற்றிக்கொண்டு ஏன் மாற்றினேன் என்று எழுதியதற்கு இரண்டு. கடைசி இரண்டை விட்டுவிடாதீர்கள். மனதை மாற்றிக்கொண்டால் மார்க் குறையும் என்று பழகிய பிள்ளைகள் அவர்கள்.

நம்பகத்தன்மையைச் சொல்லித்தர, 'ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, முகவரி எப்படி முடிகிறது' என்று பட்டியல் கொடுக்கிற வழக்கம் உண்டு. நானும் சில வருடம் கொடுத்தேன், இப்போது கொடுப்பதில்லை. மோசடிப் பக்கத்தில் இவையெல்லாம் அழகாகவே இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேரை உட்காரவைத்து ஒரே பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்து ஏமாந்தார்கள். பத்திரிகையாளர்கள் சீக்கிரமே அதை விட்டு வெளியே வந்து, புது டேப் திறந்து, 'இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தேடினார்கள். தேடல் முடிவுகள் வந்ததும் உடனே முதல் லிங்க்கைச் சொடுக்கவும் இல்லை, முழுப் பக்கத்தையும் ஒரு முறை கண்ணால் ஓட்டிவிட்டே தேர்ந்தெடுத்தார்கள். என் வகுப்பில் இதற்கு ஒரே விதிதான்: முடிவுகள் வந்ததும் பத்து எண்ணும் வரை மவுஸிலிருந்து கை எடு. பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். முதல் வாரம் விளையாட்டாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

விளம்பரமும், தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ தானே எழுதிக் காட்டுகிற பதிலான ஏஐ சுருக்கமும் தனியாக ஒரு வகுப்பைக் கேட்கும். ஸ்டான்ஃபோர்டின் அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், 'ஸ்பான்சர்டு' என்று குறிப்பிட்டிருந்த விளம்பரக் கட்டுரையை, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நிஜச் செய்தி என்று நம்பினார்கள். சொல் இருந்தது, அதன் பொருள் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லின் பொருளை, காசு கொடுத்து மேலே வந்த இடம் என்று, தமிழில் ஒரு முறை சொல்ல வேண்டும். ஏஐ சுருக்கத்துக்கு நான் காட்டுகிற உதாரணம் பீட்சா. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் ஏஐ சுருக்கத்தை எல்லாருக்கும் திறந்துவிட்ட சில நாட்களில், பீட்சாவில் சீஸ் ஒட்டாமல் நழுவுகிறதே என்று கேட்டவருக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கச் சொல்லிப் பதில் வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக இணையத்தில் கிடந்த ஒரு விளையாட்டுப் பதிவை அது உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ சரிசெய்துவிட்டார்கள். அதனால் 'ஏஐ எப்போதும் தப்பு' என்று சொல்லித்தராதீர்கள். சுருக்கத்தில் வருகிற ஒரு வாக்கியத்தை எடுத்து, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அந்தப் பக்கம் அதைத்தான் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் தேடும்போது கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. 'கோவில்', 'கோயில்' இரண்டையும் தட்டிப் பாருங்கள். 'பெரியகோவில்' என்று சேர்த்தும், 'பெரிய கோவில்' என்று பிரித்தும், 'கோவிலின்' என்று வேற்றுமை உருபோடும் தட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் என்ன வருகிறது என்றும் பாருங்கள், பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். ஒரு சொல்லின் பல வடிவங்களை எந்தத் தேடுபொறி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது என்பது, வேகத்தைவிட நமக்கு உருப்படியான ஒப்பீடு. இன்னொன்று, தமிழில் நல்ல பழைய நூல்கள் நிறைய ஸ்கேன் செய்த பக்கப் படங்களாகவே இணையத்தில் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கிற வரிகள் சாதாரணத் தேடலில் பெரும்பாலும் அகப்படாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம், பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் என்று நேராகப் போய்த் தேடிக் காட்டுங்கள். தேடுபொறி காட்டாத இடத்திலும் புத்தகம் இருக்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது பிள்ளைகள் நான்கைந்து கேள்விகளை வைத்து, இந்தத் தேடுபொறிதான் சிறந்தது என்று முடிவுகட்ட முடியாது. முடிவுகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும், தேடுகிறவரின் பழைய தேடல்களாலும் மாறலாம். பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலைத் திறந்தால் பழைய தேடலின் பாதிப்பு குறையும், ஆனால் இணைப்பை வைத்து நீங்கள் எந்த ஊர்ப்பக்கம் என்பது அப்போதும் தெரியும். எனவே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற சார்ட்டில், 'எங்கள் வகுப்பில், இந்தக் கேள்விகளுக்கு, இந்தத் தேதியில்' என்று எழுதச் சொல்லுங்கள். என் அனுபவம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான். ஆறாம் ஏழாம் வகுப்பில் துண்டுகளைப் படித்து முடிக்கவே நேரம் போய்விடும் என்று நினைக்கிறேன், அங்கே துண்டுகளை ஆறாகக் குறைத்துப் பார்க்கலாம்.

மொத்தம் மூன்று பீரியட் போதும்: உறை ஒன்று, கணினியில் கேள்வியை மாற்றித் தேடுவது ஒன்று, விளம்பரமும் ஏஐயும் ஒன்று. பெரிய கோவில் உங்களுக்குத் தூரம் என்றால், உங்கள் ஊரிலேயே எல்லாரும் நம்புகிற, நேரில் போய்ப் பார்த்துவிடக்கூடிய ஒரு கதையை எடுங்கள். பிள்ளைகளிடமே கேட்டால் நாலைந்து சொல்வார்கள். வகுப்புக்கு முந்தின நாள் மாலை எல்லாத் தேடுபொறியிலும் நீங்களே தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் லேபில் முடிவுகள் மாறி வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.